உங்கள் நாயகியின் சம்பளம் எவ்வளவு? வேலையிடப் படம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படத்துக்கோ முதல் படத்துக்கோ திரைக்கதை எழுதியவர்கள் என்னிடம் படித்துப் பார்க்கக் கொடுப்பது வழக்கம். சமீபமாக வருபவற்றில் வேலையிடக் கதைகள் அதிகம்: துணிக்கடை, கால் சென்டர், ஹோட்டல், ஆஸ்பத்திரி வரவேற்பறை. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் நான் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. நீள வசனம், தேவையற்ற பாட்டு போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் வரைவில் தாமாகவே உதிர்ந்துவிடும்.

இப்படி எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது 2018-ல் வந்த 'சப்போர்ட் த கேர்ள்ஸ்'. ஆண்ட்ரூ புஜால்ஸ்கி எழுதி இயக்கிய அமெரிக்கப் படம். டெக்சாஸில் நெடுஞ்சாலையோரம் 'டபுள் வாமீஸ்' என்று ஒரு ஸ்போர்ட்ஸ் பார். சுவரெங்கும் டிவி, பீர், சிறிய உடையில் பரிமாறும் பெண்கள். அங்கே மேனேஜர் லிசா. படத்தின் பெரும்பகுதி அவளுடைய ஒரே ஒரு நாள். லிசாவாக நடித்த ரெஜினா ஹாலுக்கு நியூயார்க் திரை விமர்சகர்கள் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

வேலையே நடக்காத வேலையிடம்

துணிக்கடையில் கதை நடக்கிறது என்று முதல் பக்கத்தில் இருக்கும். அப்புறம் நாற்பது பக்கத்துக்கு ஒருவரும் ஒரு புடவையைக்கூடப் பிரித்துக் காட்டுவதில்லை, மடித்து வைப்பதில்லை. யாருக்கும் கால் வலிப்பதில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அந்தக் கால் வலி உங்கள் கதையில் இல்லையென்றால் அது துணிக்கடை இல்லை, துணிக்கடை மாதிரி போட்ட செட்.

லிசாவின் நாளைப் பாருங்கள். வேலை கேட்டு வந்த புதுப் பெண்களைப் பார்க்க வேண்டும். திருட வந்து காற்றுக் குழாயில் மாட்டிக்கொண்டவனை வெளியே எடுக்க வேண்டும். ராத்திரி பாக்சிங் போட்டி இருக்க, டிவி கேபிள் வேலை செய்யவில்லை. இதற்கெல்லாம் நடுவில் முதலாளி வருகிறார். அவள் எப்படிப்பட்டவள் என்று யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு ஓடும்போது எதை முதலில் கவனிக்கிறாள் என்பதிலேயே அவள் தெரிந்துவிடுகிறாள்.

சம்பளம் தெரியாமல் எழுதுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவழைக்கிற தவறு இதுதான். "உன் நாயகிக்கு என்ன சம்பளம்? மாதச் சம்பளமா, தினக்கூலியா? அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாளா?" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். "அது கதைக்குத் தேவையில்லை சார்" என்று வேறு சொல்கிறார்கள்.

ஒரு தம்பி அப்படிச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தே முடித்துவிட்டார். ஷோரூமில் வேலை பார்க்கும் பெண், மேலாளர் திட்டியதும் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். அதுதான் கிளைமாக்ஸ். காட்சியில் சுவர்க் காலண்டர் தெரிகிறது, மாதக் கடைசி. திரையிடலுக்கு வந்திருந்த ஓர் அம்மா, அப்படிப்பட்ட கடையில் பல வருஷம் நின்றவர், எழுந்து கேட்டார்: "ஒண்ணாந்தேதி சம்பளம் வர இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அதை விட்டுட்டா போவா?" தம்பியிடம் பதில் இல்லை. கடன் வாங்கி எடுத்த படம். அந்தக் கேள்விக்குப் பிறகு அரங்கில் யாரும் நாயகியின் துணிச்சலைப் பற்றிப் பேசவில்லை. எழுதும்போதே கேட்டிருந்தால், அவள் அந்த இரண்டு நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவதே படமாகியிருக்கும். அதைவிட நல்ல படமாக.

டெக்சாஸுக்கு வருவோம். அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாவிட்டால் குறைவதை முதலாளி தர வேண்டும். இந்த 2.13 டாலர் 1991-லிருந்து மாறவே இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இப்படி டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ள முடியாது, டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் முழுக் கூலி தந்தாக வேண்டும். டெக்சாஸில் முடியும். அதாவது அந்த பாரில் பரிமாறும் பெண்ணின் வருமானத்தில் பெரும்பங்கைத் தருபவர் வாடிக்கையாளர்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். வாடிக்கையாளரின் மொக்கை ஜோக்குக்கு எப்படிச் சிரிப்பது, கையை எப்படி லேசாகத் தொட்டுப் பேசுவது என்று அங்கே பரிமாறும் மேசி புதிய பெண்களுக்குச் செய்து காட்டுகிறாள். முதல் தடவை பார்க்கும்போது கலகலப்பாகத் தெரியும் காட்சி. உண்மையில் அவள் சொல்லித் தருவது கூலி வாங்கும் முறையை. டிவி கேபிள் போனதும் அப்படித்தான். முதலாளிக்கு அது ஒரு ராத்திரி வியாபாரம். போட்டி ஓடாவிட்டால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு அன்றைய டிப்ஸே இல்லை.

முதலாளி கப்பியின் விதி ஒன்று உண்டு: ஒரு ஷிஃப்ட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்டதும் இன வெறுப்பு என்று புரியும். டிப்ஸ் கணக்கும் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். எந்த ஷிஃப்ட் கிடைக்கிறது என்பதுதான் எவ்வளவு பணம் கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே பரிமாறும் கறுப்பினப் பெண் டானியெலுக்குக் கூட்டம் வரும் ராத்திரியில் இடம் மறுத்தால், மானத்தோடு சேர்த்து மகனை வளர்க்கும் பணத்திலும் கை வைக்கிறார்கள். அந்த விதிக்கு ஏற்ப ஷிஃப்ட் போட வேண்டியவள் லிசா, அவளும் கறுப்பினப் பெண். இத்தனையும் இருந்தும், சட்டத்தை விளக்குவதற்கென்று ஒரு காட்சிகூடப் படத்தில் கிடையாது. எழுதியவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் காட்சிகளுக்கு உள்ளே இருக்கிறது.

முதலாளியை ராட்சசனாக்குவது

கப்பி மோசமானவர்தான். ஆனால் சில்லறைத்தனமான, பயந்த, எரிச்சல் பிடித்த மனிதர். 'மேன்கேவ்' என்கிற பெரிய சங்கிலி நிறுவனம் பக்கத்திலேயே கடை போட வருகிறது, அந்தப் பயம் அவருக்கு. மீசை முறுக்கும் வில்லனைத் தோற்கடித்தால் கதை முடிந்துவிடும். கப்பியை விட்டு வந்தால் அடுத்த வேலைக்கான நேர்காணல் மேன்கேவில்தான்.

நல்ல மனசுக்கு விலை வைக்காதது

லிசா ரொம்ப நல்லவள். தன்னை அடித்த காதலன் மேல் காரை ஏற்றி வழக்கில் மாட்டிய ஒரு பெண்ணின் செலவுக்காக, மற்ற பெண்களை வைத்து கார் கழுவிப் பணம் திரட்டுகிறாள். முதலாளிக்குத் தெரியாமல். அன்பான காரியம், அதே சமயம் ஒரு மேனேஜர் செய்யக் கூடாத காரியம். அதற்கான விலையை அவளே கொடுக்கிறாள். நம் ஸ்கிரிப்ட்களில் நல்லவர்கள் இலவசமாக நல்லவர்களாக இருக்கிறார்கள். உதவி செய்கிறாள் என்று எழுதினால், அதில் அவள் எதை இழக்கிறாள் என்பதையும் அதே காட்சியில் எழுதுங்கள்.

கேமரா எங்கே பார்க்கிறது

உடையைக் குறை சொல்லும் படம், அந்த உடையையே ரசித்துப் படம் பிடிக்கக் கூடாது.

எல்லோரும் தோழிகள்

கிடையாது. ஷிஃப்டுக்குப் போட்டி இருக்கும் இடத்தில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

அம்மாவின் ஆபரேஷன் செலவு

வேலைக்கு வரக் காரணமாக இதை இனியும் எழுத வேண்டாம். வாடகை போதும்.

யாரையும் கேட்காமல் எழுதுவது

ஒரு கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவது ஆராய்ச்சி ஆகாது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் அக்காவிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். "கஷ்டம் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்தான் வரும். லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், பொருள் தொலைந்தால் யார் தலையில் கட்டுவார்கள், எந்த நாளில் வேலைக்கு வர எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், எந்த நாளில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று கேளுங்கள். அடுத்த வரைவை எனக்கு அனுப்பும்போது அந்தப் பதில்களையும் தனித் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள், அதைத்தான் முதலில் படிப்பேன்.