ஹைட்ராலிக் கசிவா? கை வைக்கும் முன் இதைப் படி, தம்பி

உச்சிப்புளியில் இருக்கும் ‘பருந்து’ கடற்படை விமானத் தளம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் விமான ஹைட்ராலிக் வேலை பார்க்கப் போகிறாயா? அப்படியென்றால் தினமும் உன் கையில் முதலில் இருக்க வேண்டியது துணி. ஆடிக் கச்சான் அடிக்கும்போது உப்பும் மணலும் லேண்டிங் கியர் ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் காலின்) பளபளப்பான பிஸ்டனில் படிந்துவிடும். துடைக்காமல் விட்டால், விமானம் இறங்கி ஸ்ட்ரட் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துகள் எண்ணெயை அடைத்து வைக்கும் சீலை அராவும். பஞ்சு உதிராத துணியில் அதே ஹைட்ராலிக் எண்ணெயைத் தொட்டுத் துடை. கசிவில் பாதி இதிலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

சரி, கசிவு வந்துவிட்டது. எங்கே என்று விரலால் தேடவே தேடாதே. பல ராணுவ விமானங்களில் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ.; கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம்தான். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கையுறையைத் தாண்டித் தோலுக்குள் போய்விடும். முதலில் சின்னப் புள்ளிதான் இருக்கும், வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலிக்கக் காத்திருக்காமல் அறுவை மருத்துவரிடம் ஓடு, அழுத்தத்தில் எண்ணெய் ஏறியது என்று வாய்விட்டுச் சொல். கசிவைத் தேட நீளமான அட்டைத் துண்டு போதும்.

இடம் தெரிந்ததும் கியரில் அது மடங்காமல் பிடிக்கும், சிவப்புப் பட்டையுள்ள லாக் பின்னைப் போடு. பம்பை நிறுத்தியதோடு அழுத்தம் போய்விட்டது என்று நினைக்காதே; அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டரில் நைட்ரஜன் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேனுவலில் உள்ள முறைப்படி இறக்கு, கேஜைப் பார், அப்புறம் நட்டைத் தொடு. அழுத்தம் இருக்கும்போது நட்டை இறுக்கிக் கசிவை நிறுத்தப் பார்ப்பது கொலைவேலை. கசிகிறதே என்று அளவுக்கு மேல் முறுக்கினாலும் குழாய் முனை விரிசல் விடும். அளவோடு முறுக்கத்தானே டார்க் ரெஞ்ச் இருக்கிறது?

குழாயைக் கழற்றிய நொடியே இரண்டு முனையிலும் மூடி போடு. துணியை அடைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நூல்தான் பிறகு வால்வில் சிக்கும்.

இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றும்போது நிதானம் வேண்டும். பழையதை எஃகு ஊசியால் நெம்பாதே, பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் குச்சியால் எடு. பள்ளத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தால் எத்தனை புது ரிங் போட்டாலும் கசியும். உறையில் பார்ட் நம்பரும் தேதியும் பார். ராணுவத்தில் பெரும்பாலும் சிவப்பு எண்ணெய். பயணிகள் ஜெட்டில் ஊதா. ஒன்றுக்கான ரிங்கை மற்றதில் போட்டால் ஊதிப்போய்க் கெட்டுவிடும். புது ரிங்கை அந்தச் சிஸ்டத்தின் எண்ணெயிலேயே நனைத்துப் போடு, முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்ததா என்று விளக்கடித்துப் பார்.

பிறகு காற்றை வெளியேற்று. பிரேக் லைனில் காற்று நின்றால் பெடல் மெத்தென்று இறங்கும். கியர் வேலை என்றால் விமானத்தை ஜாக்கில் ஏற்றி, பின்னைக் கழற்றி, ஆட்கள் விலகியதும் தரையிலிருந்து அழுத்தம் கொடுக்கும் ஹைட்ராலிக் டிராலியை இணைத்துச் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்.

பேனலை மூடுவதற்கு முன் கருவிகளை மாட்டும் டூல் போர்டில் காலி இடம் எதுவும் இருக்கக் கூடாது; இருந்தால் ஒரு கருவி உள்ளேயே கிடக்கலாம். இன்ஸ்பெக்டர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் உன் கையெழுத்து.