கொலராடோவில் மலிவு நிலம்: வாங்குமுன் பாருங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்திலுள்ள கொஸ்டியா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 5 ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் தண்ணீர். அங்கே மழை ரொம்பக் குறைவு, அதோடு உங்கள் மனைக்கு அடியில் இருந்தாலும் நிலத்தடி நீர் தானாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. 35 ஏக்கருக்குக் குறைந்த மனையில் போர் போட அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டும்தான், வெளியே நாலு தக்காளிச் செடிக்கோ ஆட்டுக்கோ ஊற்றக் கூடாது. கூரை மழைநீரையும் 2016 சட்டப்படி இரண்டு பீப்பாயில்தான் பிடித்து வைக்கலாம், மொத்தம் 110 காலன். ஆகவே மாநில நீர்வளத் துறையின் பதிவுகளில் பக்கத்து மனைகளின் போர் எத்தனை அடி ஆழம், நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் குளிர். இந்தப் பகுதி இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,500 அடி உயரம். முடிந்தால் ஜனவரியில் போய் இரண்டு இரவு தங்குங்கள், வெளியே வைத்த குடத்துத் தண்ணீர் காலையில் கட்டியாகக் கிடக்கும், அந்த மண்சாலையில் யார் எப்போது பனியை அள்ளுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மரம் அடர்ந்த சரிவு அழகுதான், ஆனால் 2018இல் இதே கவுண்டியில் ஃபோர்ட் கார்லண்ட் என்ற ஊர்ப் பக்கம் பிடித்த காட்டுத் தீ 1 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. வெளியேற இரண்டு வழி இல்லாத மனை வேண்டாம்.

பெரிய மருத்துவமனை அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள அலமோசா நகரத்தில். மனையிலிருந்து நீங்களே ஓட்டி, நேரம் பாருங்கள். கூடாரம் போட்டுத் தங்கலாமா, கழிவுத்தொட்டிக்கு என்ன அனுமதி என்பதைக் கவுண்டி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விற்பவர் சொல்வது போதாது.