பின்னால் டிரெய்லர், குவாட் பைக்குகள் எங்கே?

பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் அதே சீட்டுதான். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. என் எஃப்-150 வண்டியில் அது 744 கிலோ, அதாவது 1,640 பவுண்டு. வண்டி வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த வரியை நான் படித்தேன். நீங்கள் இன்றே படித்துவிடுங்கள்.

வண்டி விற்றவர் என்னிடம் சொன்னது வேறொரு எண். “பதினோராயிரம் பவுண்டை இழுக்கும்.” பொய்யில்லை, இழுக்கும்தான். ஆனால் இழுப்பது ஒன்று, சுமப்பது வேறொன்று. டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் பாரத்தை வண்டி இழுக்கிறது. டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் பாரத்தையோ வண்டி முதுகில் சுமக்கிறது. என் தாத்தா வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டியில் மாடு பூட்டுவதற்கு முன் நுகத்தடியைக் கையால் அழுத்திப் பார்ப்பார். சட்டென்று மேலே எழும்பினால் பின்பாரம். கை வலிக்க வலிக்கத் தூக்க வேண்டியிருந்தால் முன்பாரம். இரண்டும் இல்லாமல் இறங்கும்வரை ஆளை ஏற்றி வைக்கோலை நகர்த்தச் சொல்வார். மணலில் ஓட்டும் நாலு சக்கரக் குவாட் பைக்கோடு முகாமுக்குப் போவதும் இந்தக் கணக்குதான்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவின் சான் டியேகோ. குளிர்காலத்தில் போவது இம்பீரியல் மணல்மேடுகளுக்கு, எல்லோரும் கிளாமிஸ் என்று சொல்லும் இடத்துக்கு. முதல் முறை போனபோது பின்னால் கேம்பிங் டிரெய்லர், பின்தொட்டியில் ஒரு குவாட். அதன் கணக்கைப் பாருங்கள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள்: 480 பவுண்டு. டிரெய்லரை வண்டியோடு மாட்டும், எடை பகிரும் ஹிட்ச் என்கிற இரும்பு: 90. கருவிப்பெட்டி, ஐஸ் பெட்டி: 100. சாமான்களோடு டிரெய்லர் 6,200. அதில் பதின்மூன்று சதவீதம் மூக்கில் இறங்கியது, ஏறக்குறைய 800. ஆக 1,470. மிச்சம் 170. குவாடின் எடை 650. அளவை மீறியது 480. அதாவது என் குடும்பத்தையே இன்னொரு முறை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

புறப்படும்போது மைத்துனன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “அத்தான், வண்டி வானத்தைப் பார்க்கிறது” என்றான். நான் சிரித்தேன். எட்டாம் நெடுஞ்சாலையில் நான்காயிரம் அடி உயரத்துக்கு ஏறி, இன்கோபா சரிவில் ஒகோட்டியோ பக்கம் இறங்கும்போது சிரிப்பு நின்றது. முன்சக்கரத்தில் பாரம் இல்லாததால் ஸ்டியரிங் கைக்குக் கனமே காட்டவில்லை. அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வீச்சு வந்ததும் டிரெய்லர் முதலில் அசைந்தது, பிறகு வண்டி அசைந்தது, கடைசியில்தான் நான் திருப்பினேன்.

அது போதாதென்று பிராலி ஊர்ப் பெட்ரோல் பங்கில் இன்னொன்று நடந்தது. என் பின்தொட்டியின் நீளம் ஐந்தரை அடி, குவாடின் நீளம் ஏழடி. பின்கதவைத் திறந்துபோட்டு அதன் மேல் பின்சக்கரத்தை நிறுத்தியிருந்தேன். நேராகப் போகும்வரை இடைஞ்சலில்லை. பம்பை நோக்கி ஒடித்துத் திருப்பியபோது, திறந்திருந்த கதவின் மூலை டிரெய்லரின் மூக்கில் நிற்கும் ஜாக்கியில் இடித்து உள்ளே மடங்கியது. திறந்த கதவோடு டிரெய்லர் இழுக்கத்தான் வேண்டும் என்றால், காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். வெளியே ஒருவர் நின்று இடைவெளியைச் சொல்ல வேண்டும். எரிவாயு சிலிண்டர்களும் அந்த மூக்கில்தான் இருக்கின்றன.

எடை பகிரும் ஹிட்ச் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பாரத்தைத் திருப்பிக் கொடுக்கும், வண்டியின் மூக்கைத் தாழ்த்தும். சீட்டில் அச்சிட்ட எண்ணை அது உயர்த்தாது.

சரி, வேறு வழி? டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு சிறிய டிரெய்லரை மாட்டி அதில் குவாடை ஏற்றலாமே என்று தோன்றும். கலிபோர்னியாவின் சாதாரண கிளாஸ் சி உரிமத்தில் அதற்கு இடமில்லை. ஒன்றுக்கு மேல் இழுக்கக்கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. எல்லை தாண்டுவதாக இருந்தால் போகிற மாநிலத்தின் விதியையும் பார்க்க வேண்டும். முக்கால் டன் என்று சொல்லப்படும் அடுத்த பெரிய ரகப் பிக்கப் வாங்கினால் பாதிச் சிக்கல் போய்விடும், கூடவே சேமிப்பும் போய்விடும். எல்லாவற்றையும்விட எளிய வழி இரண்டாவது வண்டி. இரண்டு பயணங்கள் அப்படித்தான் போனோம். மைத்துனனின் பிக்கப்பில் குவாட், என் வண்டியில் டிரெய்லர்.

மைத்துனன் குவாடைத் தன் பிக்கப்பில் ஏற்றியதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாய்வுப் பலகைகளின் நுனியைத் தொட்டியின் விளிம்பில் சும்மா வைத்திருந்தான். கீழே தொங்கும் சங்கிலியை மாட்டவில்லை. முன்சக்கரம் தொட்டிக்குள் ஏறிவிட்டது. பின்சக்கரம் பலகையில் இருக்கும்போது தடுமாறி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினான். சக்கரம் முன்னே போவதற்குப் பதிலாகப் பலகையைப் பின்னே உதைத்தது. பலகை தெருவில் சறுக்கி ஓட, குவாடின் பின்பாகம் தொப்பென்று விழுந்து பம்பரில் தொங்கியது. அவன் பக்கவாட்டில் குதித்ததால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்பக்கம் விழுந்திருந்தால் குவாட் அவன் மார்பில் வந்திருக்கும். ஆகவே பலகையைச் சங்கிலியால் வண்டியோடு கட்டாமல் ஏற்றவே வேண்டாம். லோ கியர், உடம்பை முன்னே சாய்த்து, ஒரே சீரான வேகம். பயமாக இருந்தால் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் வைத்து இழுத்துவிடுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாம் வருடம் பழைய டிரெய்லரைக் கொடுத்துவிட்டு டாய் ஹாலர் வாங்கினோம். முன்பாதி வீடு, பின்பாதி கொட்டகை. பின்சுவரே சாய்வாக இறங்கி ஏறுபலகை ஆகிவிடும். குவாடின் பாரம் வண்டியின் முதுகிலிருந்து டிரெய்லரின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இப்போது வண்டியின் முதுகுப் பாரத் தொல்லை டிரெய்லரின் பின்பாரத் தொல்லையாக மாறுகிறது. மூக்கில் இறங்கும் எடை மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும்.

எங்கள் டாய் ஹாலர் காலியாக 7,000 பவுண்டு, மூக்கில் 1,050. குவாட்கள் இரண்டும் சேர்ந்து 1,100. அச்சுக்கு ஐந்தடி பின்னால் அவற்றை நிறுத்தினேன். கொக்கியிலிருந்து அச்சு பதினேழு அடி. 1,100 பெருக்கல் 5 வகுத்தல் 17, அதாவது மூக்கிலிருந்து 323 பவுண்டு கழன்றுவிட்டது. மீதம் 727, மொத்த எடை 8,100. ஒன்பது சதவீதம்தான். தாத்தா பார்த்திருந்தால் வண்டியைத் தெருவில் இறக்கவே விட்டிருக்க மாட்டார்.

குவாட்களைக் கொட்டகையின் முன்சுவரை ஒட்டும்வரை ஒன்றரை அடி தள்ளினேன். 97 பவுண்டு மூக்குக்குத் திரும்பியது. நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கள் டிரெய்லரில் அச்சுக்கு மூன்றடி முன்னால் இருக்கிறது. அறுபது கேலன் நிரப்பினால் 500 பவுண்டு. அதில் 88 மூக்குக்கு. இப்போது மூக்கில் 912, மொத்தம் 8,600, பத்தரை சதவீதம். என் வண்டியில் ஆட்களும் ஹிட்சும் சாமான்களும் போக மூக்குக்கு மிச்சமிருப்பது 970. எஞ்சியது 58 பவுண்டு. கடைசி நிமிடத்தில் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மைத்துனனிடம், “அங்கே வாங்கிக்கொள்ளலாம், இறக்கு” என்று ஏன் கத்தினேன் என்பது இதைப் படித்தால் அவனுக்குப் புரியும். தண்ணீர்த் தொட்டி சில டிரெய்லர்களில் அச்சுக்குப் பின்னால் இருக்கும். அதில் நிரப்பினால் விளைவு தலைகீழ். குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதக் கணக்கை நம்பிப் புறப்பட வேண்டாம். மூக்கின் எடையைக் குளியலறைத் தராசிலேயே எடுக்கலாம். சமதரை வேண்டும், சக்கரங்களுக்கு முட்டு வேண்டும். தடித்த மரக்கட்டை ஒன்று. ஒரு முனையைச் செங்கல்மேல் வைத்த குழாயில் நிறுத்துங்கள். மறுமுனை தராசில், இரண்டும் ஒரே உயரத்தில். குழாயிலிருந்து தராசு நாலடி இருக்கட்டும். முதலில் கட்டை மட்டும் தராசில் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயிலிருந்து சரியாக ஓரடியில் டிரெய்லரின் ஜாக்கியைக் கட்டைமேல் இறக்கி, கொக்கியை விடுவியுங்கள். தராசு காட்டுவதில் கட்டையின் எடையைக் கழித்து நாலால் பெருக்கினால் மூக்கின் எடை. எங்களுக்கு 228 காட்டியது, கழித்த பிறகு. தராசு என் மனைவியுடையது. அன்றிலிருந்து அது கொட்டகையில்தான் இருக்கிறது.

இது தொல்லை என்றால் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் எடைமேடை உண்டு. வண்டி மட்டும் ஒரு முறை, ஹிட்சின் எடை பகிரும் கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரோடு ஒரு முறை. இரண்டாம் முறை வண்டியின் இரண்டு அச்சுகளிலும் எவ்வளவு கூடியதோ அதுதான் மூக்கு. ஆட்கள் இரண்டு முறையும் உள்ளேயே இருக்க வேண்டும்.

கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக: குவாடுக்கு நான்கு ராட்செட் பட்டைகள், நான்கு மூலைக்கும் வெளிப்புறமாகச் சாய்த்து. பட்டையின் கொக்கியைச் சாமான் வைக்கும் கம்பியில் மாட்டாமல் குவாடின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். பட்டையில் தைத்த துணியில் இரண்டு எண்கள் இருக்கும். அறுந்துபோகும் எடையை விட்டுவிட்டு, பாதுகாப்பாகத் தாங்கும் வேலைக்கான எடையைப் பாருங்கள். சஸ்பென்ஷன் பாதியளவு அமுங்கினால் போதும். திறந்த தொட்டியில் கட்டினால் பட்டைக்கு ஒரு முறுக்கு கொடுங்கள். இல்லையேல் காற்றில் ரீங்காரமிட்டு மண்டையைக் குடையும். இருபத்தைந்து மைலில் ஒரு முறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பட்டை தளராமல் நான் பார்த்ததே இல்லை. பெட்ரோல் ஆவி கொட்டகையில் தேங்கும். எரிவாயுவை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டே ஓட்டுகிறேன். பிள்ளைகள் அங்கே படுப்பதற்கு முன் குவாட்களும் கேன்களும் வெளியே போய்விட வேண்டும்.

டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமலே வயதாகிக் கிழியும் டயர்கள் இவை. ஆறு வருடத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் மணிக்கு 55 மைல்தான் உச்சம். பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கலாம். அடிக்கட்டும். வாலாட்டம் தொடங்கிவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அந்தக் கைப்பிடி எங்கே என்று பார்க்காமலே கை போக வேண்டும். வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கிளாமிஸில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டு வேண்டும். ஒவ்வொரு குவாடிலும் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி பறக்க வேண்டும். மணல்மேட்டின் மறுபக்கம் ஏறிவருபவருக்கு உங்கள் தலைக்கு முன் கொடிதான் தெரியும். ஹெல்மெட் கட்டாயம். மணல் இளகிய இடத்தில் டிரெய்லரை நிறுத்தினால் அது அங்கேயே குடியேறிவிடும், கெட்டித்தரை தேடுங்கள். டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே குவாட்களை இறக்கிவிடுங்கள். கழற்றிய பிறகு இறக்கினால், குவாட் பின்பலகைக்கு வரும்போது மூக்கு மேலே கிளம்பும்.

திரும்பும் நாளில் கணக்கு மாறியிருக்கும். நல்ல தண்ணீர் தீர்ந்திருக்கும், கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருக்கும். எங்களுக்கு அந்தத் தொட்டி அச்சுக்குப் பின்னால். அப்படியே கிளம்பினால் மூக்கில் பத்து சதவீதம்கூட வராது. ஆகவே கழிவைக் கொட்டுமிடத்தில் காலி செய்து, நல்ல தண்ணீரை மறுபடி நிரப்பிக்கொள்கிறோம். நிறைந்த தொட்டியோடு வீட்டுக்குப் போவது என் மனைவிக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எல் சென்ட்ரோ கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் ஊர். அங்கிருந்து மறுபடி நாலாயிரம் அடி ஏறவேண்டும். ஒகோட்டியோ தாண்டியதும் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகை வரும், சாலையோரம் ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டிகள் வரும். அணைத்துவிடுங்கள். பின்சீட்டில் பிள்ளைகள் முனகுவார்கள். ஜன்னலை இறக்கினால் தலையிலிருக்கும் மணலெல்லாம் வண்டிக்குள் பறக்கும். வெப்பமானி முள் நடுவைத் தாண்டினால் அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் காத்திருந்து, சக்கரக் குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் ஒன்று மட்டும் சுட்டால் அதன் பேரிங்கைப் பார்க்காமல் ஏற வேண்டாம்.