விஎம் டிஸ்க் ஃபைலை இளைக்க வைப்பது எப்படி

விஎம்முக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின்) போய் 30 ஜிபி குப்பையை அழித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஹோஸ்ட்டில், அதாவது அதை ஓட்டும் நிஜக் கணினியில், இருக்கும் டிஸ்க் ஃபைல் ஒரு எம்பி கூடக் குறைந்திருக்காது. தேவைக்கேற்ப வளரும் டிஸ்க் என்று பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தோம், வளரத் தெரிந்ததற்குச் சுருங்கத் தெரியாதா என்று எரிச்சல் வரும். தானாகத் தெரியாது என்பதுதான் பதில். கெஸ்ட்டில், அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்தில், ஒரு ஃபைலை அழிக்கும்போது, அங்கிருக்கும் ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்வதோடு சரி, பழைய பைட்டுகள் அங்கேயேதான் கிடக்கும். ஹோஸ்ட்டுக்கு அந்தக் கணக்கைப் படிக்க வராது. அதற்குத் தெரிந்ததெல்லாம், இந்த பிளாக்கில் எப்போதோ ஏதோ எழுதப்பட்டது, ஆகவே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக நம் வேலை, எது காலி என்பதை ஹோஸ்ட்டுக்குத் தெரியப்படுத்துவது. அதற்கு இரண்டு வழி உண்டு. காலி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, பூஜ்யம் மட்டுமே உள்ள பிளாக்குகளைக் கழித்துவிடச் சொல்வது பழைய வழி. "இந்த இடம் இனி வேண்டாம்" என்று எஸ்எஸ்டிக்களுக்கு அனுப்புகிற அதே ட்ரிம் கட்டளையை கெஸ்ட் அனுப்ப, அதை ஹோஸ்ட் புரிந்துகொண்டு இடத்தை விடுவிப்பது புதிய வழி. இரண்டாவது கிடைக்கிற இடத்தில் முதலாவதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு கணத்து நிலையைச் சேமித்து வைத்தது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய தரவு ஸ்னாப்ஷாட்டின் பிடியில் இருக்கும், நீங்கள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இடம் திரும்பாது. விஎம் ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான விஎம்வேர், ஸ்னாப்ஷாட் உள்ள டிஸ்க்கைச் சுருக்கவே மறுத்துவிடும். தேவையில்லாதவற்றை நீக்கிவிடலாம், ஆனால் நீக்கும்போது அவை மூல டிஸ்க்கோடு இணைக்கப்படுவதால் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும் என்பதை மனதில் வையுங்கள். அப்புறம் பேக்கப். வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், நடுவில் மின்சாரம் போனாலே போதும்.

உண்மையிலேயே எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். லினக்ஸ் ஹோஸ்ட்டில் எல்எஸ் காட்டுவது ஃபைலின் பெயரளவு நீளம், டியு காட்டுவதுதான் டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடம். எல்எஸ்ஸில் 100 ஜிபி என்று பார்த்துப் பதறியபின், டியுவில் 18 ஜிபி என்று வந்து அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன்.

உள்ளே துடைப்பது

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. டெபியன், உபுண்டு வகை என்றால் ஆப்ட் கேஷைக் காலி செய்யுங்கள், ஆட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கர்னல்களை அனுப்புங்கள், ஜர்னல்சிடிஎல்லுக்கு வேக்யூம்-சைஸ் தெரிவைக் கொடுத்து லாக்கை 100 எம்பிக்குள் அடக்குங்கள். உள்ளே டாக்கர் ஓடினால் அதன் சிஸ்டம் ப்ரூன் கட்டளை ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் திருப்பித் தரும். விண்டோஸ் கெஸ்ட் என்றால் டிஸ்க் க்ளீனப்பில் பழைய அப்டேட் மிச்சங்களை நீக்குங்கள், பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேஷனை அணையுங்கள். விஎம்மை ஹோஸ்ட்டிலிருந்தே உறைய வைத்து எழுப்ப முடிகிறபோது, உள்ளே ஹைபர்நேஷன் ஃபைல் எதற்கு?

பூஜ்யம் நிரப்புவதும் அதன் ஆபத்தும்

லினக்ஸ் கெஸ்ட்டில் டிடி கட்டளையால், பூஜ்யங்களை மட்டுமே தந்துகொண்டிருக்கும் டெவ் ஜீரோவிலிருந்து ஒரு பெரிய ஃபைலை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பிழை வரும்வரை எழுதி, பிறகு அந்த ஃபைலை அழிப்பது. எல்லோரும் சொல்லித்தருவது இதுதான், வேலையும் செய்யும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கெஸ்ட் அந்தப் பூஜ்யங்களை எழுதும்போது, ஹோஸ்ட்டில் உள்ள டிஸ்க் ஃபைல் தன் முழுக் கொள்ளளவு வரை ஊதிப் பெருகலாம். ஒருமுறை 120 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு விஎம்மில் இரவு டிடியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன், ஹோஸ்ட்டில் காலியாக இருந்ததோ 15 ஜிபி. காலையில் பார்த்தால் ஹோஸ்ட் டிஸ்க் நிரம்பி அந்த விஎம் நின்றுபோயிருந்தது, அதே டிஸ்க்கில் இருந்த மற்ற இரண்டும் கூடவே நின்றுவிட்டன. இடம் மிச்சம் பிடிக்கப் போய் இருந்த இடத்தையும் தொலைத்த கதை.

எக்ஸ்டி2, 3, 4 ஃபைல் சிஸ்டம் என்றால் ஜீரோஃப்ரீ என்ற சிறு கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அது காலி பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பதை விட்டுவிட்டு, பழைய குப்பை உள்ளதில் மட்டும் பூஜ்யம் எழுதும். ஆகவே டிஸ்க் ஃபைல் ஊதாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஒரே நிபந்தனை, அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமலோ ரீட்-ஒன்லியாகவோ இருக்க வேண்டும். ரெஸ்க்யூ மோடில் பூட் செய்தோ, லைவ் ஐஎஸ்ஓவிலிருந்து எழுப்பியோ ஓட்டினால் போதும். விண்டோஸில் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் எஸ்டிலீட், இசட் தெரிவோடு. இது டிடியைப் போலத்தான் காலி இடம் முழுக்க எழுதும், ஆகவே ஹோஸ்ட்டில் இடம் பார்த்து.

எஸ்டிலீட்டுக்கு முன் டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் தரவை ஒன்றுசேர்ப்பது) செய்யச் சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ ஃபைல் இடத்தை 1 எம்பி துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது; துண்டு முழுவதும் பூஜ்யமாக இருந்தால்தான் கழியும், உள்ளே 4 கேபி தரவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தத் துண்டும் நிற்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி பயன்படுத்தும் விஎச்டிஎக்ஸில் இது இயல்பாக 32 எம்பி, அதனால்தான் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎச்டிஎக்ஸ் உருவாக்கும்போது பிளாக் அளவை 1 எம்பியாக வைக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். க்யூஎமுவின் க்யூகவ்2வில் இயல்பாக 64 கேபி, அங்கே இந்தத் தலைவலி குறைவு.

இன்னும் இரண்டு இடங்களில் பூஜ்யம் வேலைக்கு ஆகாது. கெஸ்ட்டில் லக்ஸ் என்க்ரிப்ஷன் இருந்தால், நீங்கள் எழுதும் பூஜ்யம் டிஸ்க்கில் போய் இறங்கும்போது வெறும் இரைச்சலாகிவிடும், ஹோஸ்ட்டுக்கு அது தரவு மாதிரியே தெரியும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் கம்ப்ரெஷன் போட்டிருந்தால், நீங்கள் கொட்டும் பூஜ்யமெல்லாம் கடுகளவாகச் சுருங்கிவிடும், காலி இடம் நிரம்பவே நிரம்பாது. இரண்டுக்கும் ட்ரிம்தான் வழி. லக்ஸுக்கு, கெஸ்ட்டின் க்ரிப்ட்டேப் அமைப்பு ஃபைலில் டிஸ்கார்ட் தெரிவையும் சேர்க்க வேண்டும்.

ஃபைலைச் சுருக்குவது

இனி விஎம்மை முழுதாக அணைத்துவிடுங்கள். சஸ்பெண்ட் இல்லை, ஷட்டவுன்.

விர்ச்சுவல்பாக்ஸில் விபாக்ஸ்மேனேஜ் கட்டளைக்கு மாடிஃபைமீடியம் டிஸ்க், பிறகு விடிஐ ஃபைலின் பாதை, கடைசியில் காம்பேக்ட் தெரிவு. உங்களிடம் இருப்பது விஎம்வேர் வடிவமான விஎம்டிகே என்றால் க்ளோன்மீடியம் மூலம் விடிஐயாக நகலெடுங்கள், அந்த நகலே இளைத்துத்தான் வரும். விஎம்வேரில் விடிஸ்க்மேனேஜர் கருவிக்கு கே தெரிவு. முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிய டிஸ்க்கை இதனால் சுருக்க முடியாது.

க்யூஎமுவில் க்யூஎமு-இமேஜ் கன்வர்ட் கொடுத்து க்யூகவ்2விலிருந்து புதிய க்யூகவ்2வுக்கு மாற்றினாலே பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். சி தெரிவைச் சேர்த்தால் தரவையும் அழுத்தித் தரும், படிக்கும்போது வேகம் குறையும் என்பதால் நான் காப்பகத்தில் வைப்பவற்றுக்கு மட்டும் அதைப் போடுவேன். உள்ளே சேமித்த ஸ்னாப்ஷாட்டுகள் புதிய ஃபைலுக்கு வராது, மறந்துவிடாதீர்கள். உள்ளே நுழையாமலே எல்லாம் நடக்க வேண்டுமா, விர்ட்-ஸ்பார்சிஃபை கருவியை இன்-ப்ளேஸ் தெரிவோடு ஓட்டுங்கள், பூஜ்யம் நிரப்பும் வேலையே தேவைப்படாது.

ஹைப்பர்-வியில் பவர்ஷெல்லின் ஆப்டிமைஸ்-விஎச்டி, மோட் ஃபுல். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் எக்ஸ்டி4 என்ற பெயரில் ஒரு விஎச்டிஎக்ஸ் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டிருக்கும். டபிள்யூஎஸ்எல்லுக்கு ஷட்டவுன் கொடுத்து நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட்டைத் திறந்து, செலக்ட் விடிஸ்க் என்று அந்த ஃபைலைக் காட்டி, அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி, காம்பேக்ட் விடிஸ்க், டிடாச் விடிஸ்க் என்று வரிசையாகக் கொடுங்கள். ஹைப்பர்-வி இல்லாத ஹோம் பதிப்பிலும் டிஸ்க்பார்ட் இருக்கும்.

மறுபடி இந்த வேலை வராமல்

ட்ரிம்மை ஒருமுறை அமைத்துவிட்டால் மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. க்யூஎமு விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில், டிஸ்க்கின் டிரைவர் வரியில் டிஸ்கார்ட் என்பதற்கு அன்மேப் என்று வையுங்கள். விர்ட்டியோ-பிளாக் வகையில் இணைத்த டிஸ்க்குக்கு இது 2019இல் வந்த க்யூஎமு 4.0 முதல், கெஸ்ட்டில் லினக்ஸ் 5.0 முதல்தான் உண்டு. அதைவிடப் பழையது என்றால் விர்ட்டியோ-ஸ்கசிக்கு மாறிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்டோரேஜ்அட்டாச் கட்டளையில் டிஸ்கார்ட், நான்ரொட்டேஷனல் இரண்டையும் ஆன் செய்தால் விடிஐ ஃபைல் விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இளைக்கும். பிறகு கெஸ்ட்டில் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஏ, வி தெரிவுகளோடு ஒருமுறை கொடுங்கள், எவ்வளவு விடுவித்தது என்று அதுவே சொல்லும். எஃப்எஸ்ட்ரிம் டைமரை இயக்கி வைத்தால் வாரம் ஒருமுறை தானே ஓடும். விண்டோஸ் கெஸ்ட்டில் ஆப்டிமைஸ்-வால்யூம், ரீட்ரிம் தெரிவோடு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இதுவரை சொன்னது ஃபைல் பிடிக்கும் இடத்தைக் குறைப்பது, டிஸ்க்கின் கொள்ளளவைக் குறைப்பது அல்ல. க்யூஎமு-இமேஜ் ரீசைஸில் ஷ்ரிங்க் என்றொரு தெரிவு உண்டு, அது டிஸ்க்கின் வாலை அப்படியே வெட்டி எறியும். உள்ளே ஃபைல் சிஸ்டத்தையும் பார்ட்டிஷனையும் முதலில் சுருக்காமல் அதைக் கொடுத்தால் தரவு போய்விடும், கொள்ளளவு பெரிதாக இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லாதபோது அந்த வம்பு எதற்கு.

கன்வர்ட் செய்து கிடைத்த புதிய ஃபைலில் விஎம்மை ஒருமுறை பூட் செய்து, உள்ளே நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். ரா வடிவ டிஸ்க்கை வேறு மெஷினுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் எஸ்சிபி வேண்டாம், நடுவில் எதுவும் எழுதப்படாமல் விட்டிருக்கும் ஓட்டைகளையெல்லாம் பூஜ்யமாக எழுதி மறுபடி முழு அளவுக்கு ஊத வைத்துவிடும். ஆர்சிங்க்கில் பெரிய எஸ் தெரிவைப் போட்டு அனுப்புங்கள்.