கேரம் காய்களை வைத்து கார்பன் வர்த்தகம் கற்றுக்கொள்வது எப்படி?

எண்ணூரில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால், எடுக்கும்போது நன்றாக உதறிவிட்டுத்தான் மடிப்போம். அவ்வளவு சாம்பல். அதனால், ‘கார்பன் சந்தை வரப்போகிறது’ (கரியமில வாயுவை வெளிவிடும் அனுமதியை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஏற்பாடு) என்ற செய்தியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: “நம்ம புகை குறையுமா தம்பி?” பதில் சொல்ல கேரம் போர்டைத்தான் எடுத்தேன். வடசென்னையில் அது இல்லாத தெரு ஏது? இரண்டு பேர், அரை மணி நேரம் போதும்.

படி 1: காய்களைப் பிரியுங்கள்

கறுப்பு 9, வெள்ளை 9, மொத்தம் 18. ஒரு காய் என்பது ஒரு டன் கரியமில வாயுவை வெளிவிட அனுமதி. (நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு டன் என்பது ஏறக்குறைய 1,400 யூனிட்.) சிவப்புக் காயை ஓரமாக வையுங்கள், பிறகு வேண்டும்.

படி 2: ஆளுக்கு ஓர் ஆலை

இரண்டு ஆலையும் ஆண்டுக்கு 11 டன் வெளிவிடுகின்றன. கையில் இருப்பதோ 9 காய். ஆளுக்கு 2 டன் இடிக்கிறது. ஒரு டன்னைக் குறைக்கக் கறுப்பு ஆலைக்கு 300 ரூபாய் போதும். வெள்ளைக்குப் பழைய கொதிகலன், அதனால் 1,000 ரூபாய்.

படி 3: பேரம் பேசுங்கள்

தனித்தனியாகக் குறைத்தால் கறுப்புக்கு 600, வெள்ளைக்கு 2,000 செலவு. இப்போது கறுப்பு 4 டன் குறைக்கட்டும். செலவு 1,200. மிஞ்சும் 2 காயை 600 வீதம் வெள்ளைக்கு விற்றால் அந்தச் செலவு முழுவதும் திரும்பிவிடும். வெள்ளைக்கும் 800 மிச்சம். வெளியான வாயு 7 + 11, அதே 18 டன். வர்த்தகம் என்பது இவ்வளவுதான்.

படி 4: இரண்டு காயை எடுத்துவிடுங்கள்

முக்கியமான படி இதுதான். பேரத்தால் செலவு குறைந்தது. வாயுவைக் கட்டுப்படுத்தியது காய்களின் எண்ணிக்கை. அடுத்த சுற்றை 16 காயோடு ஆடுங்கள், விலை தானாக ஏறும். காய்களை அள்ளிக் கொடுத்தால்? 2005-இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியக் கார்பன் சந்தையில் அப்படித்தான் ஆனது. 2007-இல் விலை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தது. அப்புறம்தான் மொத்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் குறைக்க ஆரம்பித்தார்கள்.

படி 5: நம் நாட்டு முறை

இந்தியா 2023-இல் அறிவித்த திட்டத்தில் மொத்தத்துக்கு வரம்பு இல்லை. ஒரு டன் பொருள் செய்ய எவ்வளவு வாயு வெளியாகிறது என்பதற்குத்தான் இலக்கு. அதைவிடக் குறைத்தவருக்குச் சான்றிதழ், தவறியவர் அதை வாங்க வேண்டும். சரி, கணக்குப் போடுங்கள்: ஓர் ஆலை மூட்டைக்கு 10 கிலோ வாயு என்பதை 9 ஆக்கிவிட்டு, 100 மூட்டைக்குப் பதில் 120 மூட்டை செய்தால் 1,000 கிலோ 1,080 ஆகிறது. இலக்கை எட்டியும் மொத்தம் கூடுகிறது! வளரும் நாட்டுக்கு இந்த முறை ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இலக்கைச் சீக்கிரம் இறுக்க வேண்டும்.

படி 6: சிவப்புக் காய்

இதுதான் சாம்பலும் கந்தகப் புகையும். வெள்ளை ஆலையின் பக்கம் வையுங்கள். கரியமில வாயு எங்கே குறைந்தாலும் பூமிக்கு ஒன்றுதான், அதனால் அதன் காயைக் கைமாற்றலாம். கொசஸ்தலை ஆற்றில் படியும் சாம்பலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வெள்ளை இரண்டு காயை வாங்கிய பிறகும் சிவப்பு அதே இடத்தில் கிடக்கிறது, பாருங்கள். அதைத் தூக்க வேறு சட்டமும், புகைபோக்கியில் வடிகட்டியும், நேரில் வந்து பார்க்கும் அதிகாரியும் வேண்டும். அக்காவிடமும் இந்தக் காயைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.