ஃபுட்பாலா, ரக்பியா, அமெரிக்கன் ஃபுட்பாலா: யாருக்குத் தாங்குசக்தி அதிகம் என்று நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் அந்த முப்பது விநாடி வீடியோக்களை ஓரமாக வையுங்கள். ஒரு பக்கம் ஃபுட்பால்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உருளுவதையும் இன்னொரு பக்கம் ரக்பிக்காரர் நெற்றியில் ரத்தம் வழிய ஓடுவதையும் ஒட்டிப் போட்டுவிட்டு, பார்த்தீர்களா வித்தியாசத்தை என்று கேட்பது ஒப்பீடே இல்லை. பாளையங்கோட்டையில் சாயங்காலம் ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும்போது "ஏல, அவனுவ தொட்டாலே உருளுதானுவ" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், இருட்டும்வரை பேச்சு ஓயாது. இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1863-இல் லண்டனில் ஃபுட்பாலுக்குப் பொதுவிதி எழுத உட்கார்ந்தபோது, எதிராளியின் கீழ்க்காலில் உதைப்பதைத் தடை செய்யலாமா என்று தகராறு வந்து, தடை செய்தால் ஆட்டத்தில் துணிச்சலே போய்விடும் என்று பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. அந்தப் பக்கம் போனவர்கள் சேர்ந்து 1871-இல் ரக்பிக்குச் சங்கம் அமைத்தபோது அவர்களும் அந்த உதையைத் தடை செய்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

சரி, எப்படி ஒப்பிடுவது? ஆளுக்கு ஆள் சரியாக நிறுத்துங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை உதைப்பதற்கென்றே இருக்கிற கிக்கரை ஆட்டம் முழுக்க யாரும் தொடாமலே போகலாம், அவரைக் கொண்டுவந்து ரக்பியின் முன்வரிசை ஆளோடு நிறுத்தினால் என்ன நியாயம்? கோல்கீப்பரையும் அதே மாதிரி தனியாக வையுங்கள். ஃபுட்பாலில் நடுக்கள ஆட்டக்காரர், ரக்பியில் ஸ்க்ரம்மில் (இரண்டு அணியும் கோத்து நின்று முட்டித் தள்ளுவது) தோள் கொடுக்கிற ஃபார்வர்டு, அமெரிக்கன் ஃபுட்பாலில் எதிராளியை உடம்பால் மறித்துத் தள்ளுகிற லைன்மேன், இந்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அதிகம் உழைக்கிற ஆட்கள் அவர்கள்தான்.

அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. ஃபுட்பால் 90 நிமிடம், ரக்பி 80 நிமிடம், அமெரிக்கன் ஃபுட்பால் கணக்குக்கு 60 நிமிடம். ஆனால் அந்த 60-இல் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான், மூன்று மணி நேரம் ஓடுகிற மேட்சில். ஒரு பிளே, அதாவது பந்து நகர ஆரம்பித்து நிற்கும்வரை, ஐந்தாறு விநாடி, அதற்குப் பிறகு அடுத்த பிளேக்கு 40 விநாடிக் கடிகாரம். அதோடு தாக்குகிற அணி வேறு, தடுக்கிற அணி வேறு, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். நடுக்கள ஃபுட்பால்காரர் ஒரு மேட்சில் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். ரக்பி ஃபார்வர்டு அதில் பாதிதான் ஓடுவார், ஆனால் ஓட்டத்துக்கு நடுவே விழுந்து, எழுந்து, தள்ளி, மறுபடி விழுந்து ஓடுகிறார். இந்த எழுந்திருப்பது டிவியில் தெரியவே தெரியாது.

அடுத்தது இடி. ரக்பியில் பந்து வைத்திருப்பவரைத்தான் பிடிக்க முடியும், கையால் சுற்றிப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே போனால் தண்டனை. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தே இல்லாதவரையும் மறித்து மோதலாம், அதனால் அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது தெரியாது. "கவசம் போட்டு ஆடுறவன் என்ன பெரிய ஆளு" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது, போதாததற்குக் கவசம் இருக்கிற தைரியத்தில் ஆட்கள் இன்னும் வேகமாகப் போய் மோதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் (ரக்பியில் இன்னொரு வகை) ஆடிக்கொண்டிருந்த ஜோர்டான் மைலாட்டா 2018-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தபோது அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஒன்றுகூட ஆடியதில்லை. 2025-இல் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வென்ற அந்த அணியில் அவர் முக்கியமான லைன்மேன். வெல்ஷ் ரக்பி வீரர் லூயி ரீஸ்-ஜாமிட் 2024-இல் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போய், மேட்சில் இடம் பிடிக்க முடியாமல் அடுத்த வருடமே ரக்பிக்குத் திரும்பினார். ஒருவர் உடம்பை வைத்து மறிக்கிற ஆள், மற்றவர் வேகத்தை நம்பிய ஆள். ஓர் ஆட்டத்தின் பலம் இன்னோர் ஆட்டத்துக்கு அப்படியே செல்லாது, எந்த வேலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

வலியைத் தாங்கிய கதைகளைச் சொல்லி வாதாடுவதானால் மூன்று பக்கமும் ஆள் இருக்கிறது. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்து முள்ளெலும்பு முறிந்த நிலையில் கடைசி 17 நிமிடம் ஆடினார், முறிவு தெரிந்ததே சில நாள் கழித்துத்தான். 1986-இல் பிரான்ஸின் நான்ட் நகரில் நியூசிலாந்து ரக்பி வீரர் பக் ஷெல்ஃபர்ட் விரைப்பை கிழிந்து, மைதான ஓரத்திலேயே தையல் போட்டுக்கொண்டு திரும்ப இறங்கினார். அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஜாக் யங்பிளட் கால் எலும்பு முறிவோடு 1980 சூப்பர் பவுல் ஆடினார். ஆகவே கதையை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது, விதியை வைத்துப் பாருங்கள். ஃபுட்பாலில் கீழே விழுந்து கிடந்தால் நடுவர் விசில் ஊத வாய்ப்பு உண்டு, அதனால் உருளுகிறார்கள். ரக்பியில் மருத்துவர் ஒரு பக்கம் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க ஆட்டம் இன்னொரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும், உருண்டு லாபமில்லை. அதே ஃபுட்பால்காரர் ஆணி வைத்த ஷூவால் கணுக்காலில் மிதி வாங்கிவிட்டு, மூன்று நாளில் அடுத்த மேட்ச் ஆடுவதும் உண்டு.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது. உடம்பால் தெரிந்துகொள்ள மூன்று காலை போதும், இடையில் இரண்டு நாள் ஓய்வு விட்டு. சித்திரை வெயிலில் ஆறு மணிக்கே இறங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் இறங்கவே வேண்டாம். முதல் காலை ஃபுட்பால்: மைதான நீளத்துக்கு ஒரு தடவை நடை, ஒரு தடவை மெது ஓட்டம், ஒரு தடவை முழு வேகம், ஒரு தடவை பின்னோக்கி ஓட்டம் என்று 45 நிமிடம் நிற்காமல். இரண்டாம் காலை ரக்பி: இருபது மீட்டர் ஓடி, நெஞ்சு தரையில் பட விழுந்து, எழுந்து, சம எடையுள்ள நண்பரோடு தோளுக்குத் தோள் ஐந்து விநாடி தள்ளி, திரும்ப ஓடி மறுபடி விழ வேண்டும். பத்து தடவை செய்து ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பத்து. புல் இருக்கிற இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் நல்ல மணல். மூன்றாம் காலை அமெரிக்கன் ஃபுட்பால்: பழைய டிராக்டர் டயர் ஒன்றை உள்ள பலமெல்லாம் கொடுத்து ஐந்து விநாடி தள்ளுங்கள், 35 விநாடி நில்லுங்கள், பத்து தடவை. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பத்து. மறுநாள் எங்கே வலிக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒரு நாள் தொடையும் கெண்டைக்காலும், ஒரு நாள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை, ஒரு நாள் தோளும் முதுகும் என்று தெளிவாகவே தெரியும். நிஜ டேக்கிளை (ஓடி வருபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதை) பயிற்சியாளர் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள், கழுத்து போய்விடும்.

தலையில் அடிபட்டும் ஆடினார் என்பதை மட்டும் தாங்குசக்திக் கணக்கில் சேர்க்காதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, பல வருட மோதல் மூளையை அரித்திருந்ததைக் கண்டார். 2003 ரக்பி உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சனுக்கு நாற்பதைத் தாண்டிய உடனே மறதி நோய், கோப்பை வென்றதே நினைவில்லை என்கிறார். ஃபுட்பாலும் தப்பவில்லை, ஜெஃப் ஆஸ்டில் இறந்தது வருடக்கணக்காகப் பந்தைத் தலையால் முட்டியதால் என்றே விசாரணையில் முடிவானது. நம் மைதானத்தில் ஒரு பையன் தலையில் இடிபட்டு ஒரு கணம் மலங்க மலங்க விழித்தாலும் அன்றைக்கு அவனைத் திரும்ப இறக்காதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, பேச்சுக் குழறல் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே ஒரு இடியைத் தாங்க அமெரிக்கன் லைன்மேன், காலும் மூச்சும் ஓயாமல் இருக்க ஃபுட்பால்காரர், இரண்டையும் சேர்த்து 80 நிமிடம் சுமக்க ரக்பி ஃபார்வர்டு. மூன்றில் ஒன்று என்றால் நான் ரக்பி பக்கம். கபடியில் பாடி வருகிறவரின் காலைக் கவ்விப் பிடித்து, அவர் இழுக்கிற இழுப்பில் தரையோடு தேய்ந்து, அடுத்த முப்பது விநாடிக்குள் மறுபடி வரிசையில் நிற்கிற நம்ம ஊர்ப் பிடி ஆட்டக்காரர்களைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இந்த எண்ணம் வந்திருக்கலாம். நாசரேத், சாத்தான்குளம், சங்கரன்கோவில் பக்கம் யாராவது ரக்பி அணி சேர்க்க நினைத்தால், ஃபார்வர்டு இடத்துக்கு முதலில் அந்தப் பையன்களைப் போய்க் கேளுங்கள். ஓரத்தில் வேகமாக ஓடுகிற விங் இடத்துக்கு மணப்பாடு கடற்கரையில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.