யூகே போய்ப் படித்துவிட்டு வேலை தேடும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் வந்தால் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து யூகே கிளம்பும் பிள்ளைகள் ரெஸ்யூமேயோடு என்னைத் தேடி வருவார்கள். பர்மிங்காமில் படித்து அங்கேயே சில வருடம் வேலை பார்த்தவன் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். எங்கள் செட் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஸ்பெல்லிங், ஃபாண்ட் மாதிரி விஷயங்களை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

"படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"

இதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்களில் கம்பெனிக்காரர்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுப்பார்கள். கடைசி வருடத்தில் வேலை தானாக வரும் என்ற அந்த நினைப்பும் பிள்ளைகளோடு சேர்ந்தே விமானம் ஏறிவிடுகிறது. அங்கே, அனுபவம் இல்லாத பட்டதாரிகளுக்கென்றே பெரிய கம்பெனிகள் நடத்தும் கிராஜுவேட் ஸ்கீம்களுக்குப் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம் வாங்குவார்கள். வேலையில் சேர்வது அடுத்த வருடம் செப்டம்பர் வாக்கில். ஒரு வருட மாஸ்டர்ஸும் செப்டம்பர் டு செப்டம்பர்தான். அப்படியென்றால் நீங்கள் பெட்டியோடு போய் இறங்குகிற அதே மாதத்தில் விண்ணப்பம் தொடங்குகிறது, பல இடங்களில் டிசம்பருக்குள் முடிந்தும் விடுகிறது, போதுமான ஆள் கிடைத்துவிட்டால் கடைசித் தேதிக்கு முன்பே மூடுகிறவர்களும் உண்டு.

குடியாத்தத்துத் தம்பி ஒருவன் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கப் போனான், நல்ல கெட்டிக்காரன். வாரத்துக்கு 20 மணி நேரம் குடோனில் வேலை, மீதி நேரம் அசைன்மென்ட். போனில் எப்போது கேட்டாலும் "டிசர்டேஷன் முடியட்டும்ணா" என்பான். முடித்தான், நல்ல மார்க்கும் வாங்கினான். அதற்குப் பிறகு உட்கார்ந்து தேடினால், திறந்திருந்த ஸ்கீம் எல்லாம் அடுத்த வருடம் சேர்வதற்கானவை. அதுவரை, படிப்பு முடித்தபின் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் பாதி கரைந்துவிடும். இங்கே நிலத்தை வைத்து வாங்கிய கடனுக்கு அப்பா வட்டி கட்டிக்கொண்டிருக்க, அவன் அங்கே அதே குடோனில் முழுநேரமாக நின்றான். படிப்பில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. விண்ணப்பிக்க வேண்டிய மாதங்களை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

இனிமேல் இது இன்னும் நெருக்கும். 2 ஆண்டாக இருந்த கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான் (பிஎச்டி முடித்தவர்களுக்கு மட்டும் 3 ஆண்டு). அதற்குப் பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால் ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும், அதற்கு ஸ்பான்சர் செய்யும், அதாவது பொறுப்பேற்று வேலை தரும், கம்பெனி அதற்குள் கிடைக்க வேண்டும். 2025 ஜூலையில் அந்த ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டாக ஏற்றினார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகையாக 33,400. சில வேலைகளுக்கு இதைவிடக் கூடுதலாகவும் கேட்பார்கள். அந்தச் சலுகையும் மொத்தமே 4 ஆண்டுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் இருந்த காலத்தையும் அதில் கழித்துவிடுவார்கள்.

அதனால் ஜூலையிலேயே, வேலூரில் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே, ரெஸ்யூமேயைத் தயார் செய்யுங்கள், எந்தெந்தக் கம்பெனி என்று குறித்து வையுங்கள், ஆன்லைன் டெஸ்ட்டும் வீடியோ இன்டர்வியூவும் பழகுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே யுனிவர்சிட்டியின் கேரியர்ஸ் சர்வீஸில் நேரம் வாங்குங்கள். அதற்கான காசு நீங்கள் கட்டிய ஃபீஸிலேயே சேர்ந்துவிட்டது. ஜனவரி இன்டேக் என்றால் படிப்பின் நடுவிலேயே செப்டம்பர் வந்துவிடும், அதை விடக்கூடாது. சின்னக் கம்பெனிகள் வருடம் முழுக்க ஆள் எடுப்பார்கள், அதையும் பாருங்கள். ஆனால் ஸ்பான்சர் செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்பான்சர் பட்டியலைப் பார்க்காமலே அனுப்புவது

ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற கம்பெனிகளின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பெயர் இருப்பதால் எல்லா வேலைக்கும் ஸ்பான்சர் செய்வார்கள் என்று அர்த்தமில்லை. லண்டனுக்கு வெளியே உள்ள கம்பெனிகளையும் தேடுங்கள்.

காசு கொடுத்து ஸ்பான்சர்ஷிப் வாங்குவது

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

"ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்ற கேள்விக்கு இல்லை என்று போடுவது

இப்போதோ பிற்காலத்திலோ தேவைப்படுமா என்றுதான் கேட்பார்கள். ஆமாம் என்றே போடுங்கள். கிராஜுவேட் விசா இன்ன தேதி வரை இருக்கிறது, அதுவரை கம்பெனிக்கு ஸ்பான்சர் செலவு எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள், பல மேனேஜர்களுக்கு அது தெரியாது.

இல்லாத அனுபவத்தை எழுதுவது

ராணிப்பேட்டைத் தங்கச்சி ஒருத்தி, சொந்தக்கார அண்ணன் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாக எழுதிக்கொண்டு வந்தாள். விசாரித்தால், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையிலேயே இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறாள். "அதெல்லாம் ஒரு அனுபவமாண்ணா?" என்கிறாள். என்விரான்மென்டல் இன்ஜினியரிங் படிக்கப் போகிற பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? என்ன சோதித்தாய், என்ன கோளாறு வந்தது, யாரிடம் சொன்னாய், எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். வேலை தருவதற்கு முன் பழைய கம்பெனியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பொய்யை வைத்துக்கொண்டு அங்கே தப்பிக்க முடியாது.

ரிசல்ட்டுக்கு முன்னால் ஊருக்கு ஓடி வருவது

அக்கா கல்யாணம், பொங்கல், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கிராஜுவேட் விசாவுக்கு யூகேயில் இருந்தபடிதான் விண்ணப்பிக்க முடியும், ஸ்டூடன்ட் விசா முடிவதற்குள், அதுவும் படிப்பு முடிந்ததை யுனிவர்சிட்டி அரசுக்குத் தெரிவித்த பிறகுதான். விண்ணப்பித்துவிட்டு முடிவு வருவதற்குள் ஊருக்குக் கிளம்பினால் விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் யுனிவர்சிட்டியில் தேதியைக் கேளுங்கள்.